அம்மாவின் கைக்கு அடங்கிய சுகர் மெஷின்

அம்மாவின் நோட்டில் நாற்பத்தோரு ரீடிங் இருந்தது. மெஷினின் மெமரியைப் பார்த்தால் ஆறுதான் இருந்தது.

அம்மா பாபநாசத்தில் தனியாக இருக்கிறாள். நான் கோயம்புத்தூரில். அப்பா போன பிறகு எங்களோடு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். வீட்டையும் கொல்லையையும் விட்டு வர அவளுக்கு மனசில்லை. அறுபத்தெட்டு வயது, பதினேழு வருடமாகச் சுகர். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, ராத்திரி மெட்ஃபார்மின் மட்டும். வாரத்தில் இரண்டு நாள், வெறும் வயிற்றில் ஒரு தடவை, காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அம்மாவும் எழுதினாள். தேதி போட்டு, கட்டம் கட்டி, அழகான கையெழுத்தில்: 128, 141, 136, 152, 133.

மூன்று மாதம் கழித்து, கடந்த சில மாதங்களின் சராசரிச் சுகரைச் சொல்லும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பார்த்தபோது 9.2 வந்தது. டாக்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "9.2ன்னா சராசரி 217 பக்கம் இருக்கணும்மா. இதுல ஒரு தடவைகூட 160ஐத் தாண்டலையே. மெஷின்ல ஏதோ கோளாறு, பாருங்க" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதும் பேசவில்லை.

ராத்திரி அவள் தூங்கிய பிறகு மெமரி பட்டனை அழுத்திப் பார்த்தேன். ஆறு ரீடிங். எல்லாமே முதல் இரண்டு வாரத்தில் எடுத்தவை. அதில் நான்கு, 200க்கு மேல். நோட்டில் இருந்த மற்றதெல்லாம் அம்மா தானாக எழுதியவை.

காலையில் காபி போடும்போது மெதுவாகக் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அது வரல பாப்பா. மூணு ஸ்ட்ரிப்பு போட்டா ஒண்ணுதான் நம்பர் காட்டுது. ஒண்ணு இருபது ரூபாய்னு நீதானே சொன்ன. காசைக் கரைக்கிறோமேன்னு இருந்துச்சு. நீ வேற வாராவாரம் போன்ல எவ்வளவுன்னு கேக்கற."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த மெஷினை வாங்கியவள் நான். இணையத்தில் தள்ளுபடியில் வந்தது. ப்ளூடூத் இருக்கிறது, போனில் ஆப் இருக்கிறது, கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டே அம்மாவின் சுகரை வரைபடமாகப் பார்க்கலாம் என்று வாங்கினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசித்தேனே தவிர, யார் பரிசோதிக்கப் போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

அன்று அம்மாவை என் எதிரில் உட்காரவைத்து, எப்போதும் செய்வது போலவே செய்யச் சொன்னேன். வாயே திறக்கக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்தது எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

ஸ்ட்ரிப் டப்பா கட்டைவிரல் அளவுதான். மூடியைக் கட்டைவிரலால் நெம்பித் திறக்க வேண்டும். அம்மாவுக்கு வலது கையில் மோதிரவிரலும் நடுவிரலும் மடக்கினால் விரிய அடம்பிடிக்கும். சுகர்காரர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான். பல்லால் கடித்துத் திறந்தாள். உள்ளே ஸ்ட்ரிப்புகள் ஒன்றோடொன்று இறுக்கமாக நின்றன. ஒன்றை எடுக்கப் போய் நான்கு கீழே விழுந்தன. பொறுக்கி, துடைத்து, திரும்ப உள்ளே போட்டாள். எந்தப் பக்கத்தை மெஷினுக்குள் செருகுவது என்று தெரியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, வலது கண்ணில் விழித்திரைக்கு லேசர் வைத்திருக்கிறார்கள். செருகியதும் திரையில் ஒரு குறியீட்டு எண் வரும். அது டப்பாவில் அச்சடித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். டப்பாவில் அந்த எண் எறும்பு அளவில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. பிறகு ஊசி. குத்தியதில் ரத்தம் பொட்டளவுதான் வந்தது. விரலைப் பிதுக்கினாள். துளியை ஸ்ட்ரிப்பின் நுனியில் வைப்பதற்குள் கை நடுங்கித் துளி பக்கவாட்டில் அப்பிவிட்டது. பீப். எர்ரர். ஸ்ட்ரிப் வீண்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தியா?" என்று கேட்டதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. இப்போதாவது புரிந்ததே என்ற நிம்மதிதான் இருந்தது.

சரி, இந்த முறை அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு செய்தேன். கடையில் மெஷினைப் பிரித்துத் தொட்டுப் பார்க்க விட மாட்டார்கள். ஆனால் நம் ஊரில் எந்தத் தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு வீட்டிலாவது சுகர் மெஷின் இருக்கும். 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. எதிர்வீட்டு டீச்சரம்மா ஒன்று தந்தார், கும்பகோணத்தில் இருக்கும் சித்தி ஒன்று, அத்தான் ஒன்று. மூன்று மாடலுக்கும் தலா பத்து ஸ்ட்ரிப் வாங்கினேன். ஊசி மட்டும் புதிதாக, அம்மாவுக்கென்று தனிப் பேனா. லான்செட் என்ற அந்த ஊசியையும் அதை மாட்டிக் குத்தும் பேனாவையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளவே கூடாது, அம்மா மகளாக இருந்தாலும் சரி. ரத்தத்தில் பரவும் மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கு அது போதும். இரவல் மெஷின்களையும் நன்றாகத் துடைத்த பிறகுதான் தொடவிட்டேன்.

நான்கு நாள், ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மெஷின். நான் எதிரில் உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறாள் என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

அத்தானுடையது பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் தனித்தனி உறையில் வந்தது. எப்போதாவது பரிசோதிப்பவர்களுக்கு அது நல்லது, ஒன்றைப் பிரித்தால் மற்றது கெடாது. அம்மாவின் விரலுக்கோ உறையைக் கிழிப்பதே பெரும்பாடு. சித்தியுடையதில் நான்கு பட்டன். சாப்பிடும் முன்பா பின்பா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டது. அந்தக் கேள்வியிலேயே அம்மா நின்றுவிட்டாள். டீச்சரம்மாவுடையது சோப்புக்கட்டி போலக் கொஞ்சம் பருமன். ஸ்ட்ரிப் அகலம். செருகினால் தானாக உயிர் பெறும், குறியீட்டு எண் கிடையாது. ஸ்ட்ரிப்பின் முன் விளிம்பில் எங்கே தொட்டாலும் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். துளி போதவில்லை என்றால் உடனே எர்ரர் காட்டாமல் கொஞ்ச நேரம் காத்திருக்கும், அதற்குள் இன்னொரு துளி வைக்கலாம். கறுப்பு எண்கள், பின்னால் வெளிச்சம். முடிந்ததும் ஒரு பட்டனைத் தள்ளினால் ஸ்ட்ரிப் தானாகக் கீழே விழும், ரத்தம் பட்டதைக் கையால் பிடுங்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அம்மா கேட்காமலேயே டீச்சரம்மாவுடையதை எடுத்துக்கொண்டாள்.

பெயரைச் சொன்னால் எல்லோரும் அதையே தேடுவார்கள், அது உங்கள் வீட்டுக் கைக்குச் சரிப்படாமல் போகலாம் என்பதால் சொல்லவில்லை. மாடல்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இரண்டாவது துளிக்கு வாய்ப்புத் தருகிறதா என்பதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். கை நடுங்குகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எவ்வளவு ரத்தம் வேண்டும் என்பது பெட்டியிலேயே போட்டிருக்கும், 0.3 முதல் 1 மைக்ரோலிட்டர் வரை பல அளவு உண்டு. குறைவான ரத்தம் என்றால் சின்னக் குத்து போதும், உண்மைதான். ஆனால் சின்னத் துளியைச் சின்ன வாயில் சரியாக வைக்க நல்ல கண் வேண்டும். அம்மாவுக்குக் கொஞ்சம் பெரிய துளியும் பெரிய விளிம்புமே சௌகரியம்.

வாங்குவதற்கு முன் மருந்துக்கடைக்கு நடந்தேன். இதை முதல் தடவை செய்யாமல் விட்டது என் தவறு. பழைய மெஷினின் ஸ்ட்ரிப் இணையத்தில்தான் கிடைக்கும், வர ஒரு வாரம் ஆகும். ஒரு மெஷினுக்கு அதற்குரிய ஸ்ட்ரிப்தான் பொருந்தும், வேறு எதையும் போட முடியாது. மெஷின் ஒரு தடவை வாங்குவது, ஸ்ட்ரிப் ஆயுள் முழுக்க வாங்குவது. அதனால் கடையில் மெஷின் விலையைக் கேட்காதீர்கள், ஐம்பது ஸ்ட்ரிப் என்ன விலை, மாதாமாதம் வைத்திருப்பீர்களா என்று கேளுங்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் இரண்டு கம்பெனி ஸ்ட்ரிப்தான் வைத்திருந்தார். நல்லவேளையாக அதில் ஒன்று இது.

ஐம்பது வாங்கினால் கொஞ்சம் மலிவு என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கு மாதம் பதினேழு, பதினெட்டு ஆகும். டப்பாவில் போட்டிருக்கும் காலாவதித் தேதி திறக்காத டப்பாவுக்குத்தான். திறந்துவிட்டால் கம்பெனியைப் பொறுத்து மூன்று மாதமோ ஆறு மாதமோ ஒரு கெடு இருக்கிறது. எங்களுடையது மூன்று மாதம். ஊருக்குப் போனாலோ காய்ச்சலில் படுத்தாலோ மிச்சம் கெட்டுவிடும். இருபத்தைந்தாக வாங்குகிறோம். திறந்த அன்றைக்குத் தேதியை மார்க்கர் பேனாவால் மூடியில் எழுதிவிடுகிறாள்.

கைக்குப் பழகினால் மட்டும் போதுமா, சரியாகக் காட்ட வேண்டுமே? ஐஎஸ்ஓ 15197 என்ற தரநிலை இருக்கிறது, 2013ல் அதைக் கடுமையாக்கினார்கள். சுகர் 100க்குக் கீழே இருந்தால் லேப் எண்ணிலிருந்து 15 கூடவோ குறையவோ இருக்கலாம், 100க்கு மேல் போனால் 15 சதவீதம். நூறு ரீடிங்கில் 95 இந்த வரம்புக்குள் வர வேண்டும். பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ இந்தத் தரநிலை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துதான் வாங்கினேன். இதை வைத்துப் பார்த்தால் 148க்கும் 161க்கும் வித்தியாசம் பார்த்துக் கவலைப்படுவது வீண்.

அந்த எண்களைச் சும்மா சொல்லவில்லை. புது மெஷினை லேபுக்கே கொண்டுபோய், நரம்பில் ரத்தம் எடுத்த கையோடு விரலிலும் பார்த்தோம். லேப் 148, மெஷின் 161. இப்படி ஒப்பிடுவதென்றால் வெறும் வயிற்றில் செய்யுங்கள். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், அது மெஷினின் குற்றமில்லை. லேபில் சுகருக்கான ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். அதில் ஃப்ளோரைடு இருக்கும். இல்லாவிட்டால் குழாயில் காத்திருக்கும் நேரத்தில் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று, லேப் எண் குறைந்துவிடும்.

இரண்டு பேர் விஷயத்தில் எளிமையைவிட ஸ்ட்ரிப்பின் வகை முக்கியம் என்று தெரிந்துகொண்டேன். சித்திக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் எட்டரை. சிவப்பணு குறைவாக இருந்தால் பல ஸ்ட்ரிப்புகள் சுகரைக் கூட்டிக் காட்டும். ஸ்ட்ரிப் தாளில் ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதற்கான வரம்பு போட்டிருக்கும். சித்தியுடையதில் 30 முதல் 55 வரை என்று இருந்தது. அவருக்கு அது 26தான், ஆகவே அந்த மெஷின் அவருக்கு ஆகாது. வரம்பு இன்னும் கீழே போகும் மாடல்கள் இருக்கின்றன, மாற்றிவிட்டோம். இன்னொன்று, வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். அதில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் பயன்படுத்தினால், ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற வகை என்சைம் உள்ள ஸ்ட்ரிப் அந்தத் திரவத்திலிருந்து வரும் வேறு சர்க்கரையையும் சேர்த்து எண்ணிவிடும். உண்மையில் சுகர் இறங்கியிருக்கும்போது மெஷின் ஏறியிருப்பதாகச் சொல்லும். உயிரிழப்புகள் நேர்ந்து, 2009ல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. இப்படிப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் மெஷின் வாங்கக் கூடாது.

அப்புறம், நல்ல மெஷின் வந்த பிறகும் நாங்கள் செய்த தவறுகள். மே மாதம் ஒரு நாள் அம்மா போன் செய்தாள், குரலில் பதற்றம். "312 காட்டுது பாப்பா." என்ன சாப்பிட்டாய் என்றால், இன்னும் எதுவுமே சாப்பிடவில்லை, பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன் என்றாள். சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். 168. கண்ணுக்குத் தெரியாத பழச்சாறு விரலில் இருந்தாலே அவ்வளவு ஏறும். கையில் ஈரம் இருந்தால் துளி நீர்த்துக் குறைவாகக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சைவிடச் சோப்பும் தண்ணீரும்தான் நல்லது.

ஐப்பசி மழையில் இன்னொன்று. பயணத்துக்கு வசதி என்று ஏழெட்டு ஸ்ட்ரிப்பை எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தாள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியிலும் சுவரிலும் ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. வெளியே எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எண்கள் தாறுமாறாக வந்தன. ஃப்ரிட்ஜிலும் வேண்டாம், அடுப்பங்கரை அலமாரியிலும் வேண்டாம். இப்போது சாமி அறைக்குப் பக்கத்து மரப் பீரோவில் வைக்கிறாள்.

விரலில் குத்துவதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அக்கா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. மாதம் ஒரு தடவை வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். நான் பத்துத் தடவை சொல்லியும் ஏறாததை அவர் ஒரே காலையில் ஏற்றிவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவி, கையை அரை நிமிடம் தொங்கவிட்டு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும்; அங்கே வலி குறைவு. பிதுக்கக் கூடாது, அடிவிரலிலிருந்து மெல்ல நீவிவிட வேண்டும். அழுத்திப் பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து எண் மாறிவிடும். குத்தும் பேனாவில் ஆழத்துக்கு எண் இருக்கிறது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். இரண்டில் இருந்ததை நான்குக்கு மாற்றினார், முதல் குத்திலேயே முத்துப்போல் துளி வந்தது. ஒரே லான்செட்டை வாரக்கணக்கில் வைத்துக் குத்திக்கொண்டிருந்தாள், அதையும் நிறுத்தச் சொன்னார். மழுங்கினால் வலிக்கும். பயன்படுத்தியதைக் கெட்டியான பழைய ஷாம்பு பாட்டிலில் சேர்த்து, மூடி போட்டுத் தனியாகக் கொடுக்கிறாள். குப்பை பிரிப்பவர்களின் கையில் குத்திவிடக் கூடாதல்லவா.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வாங்கித் தரலாமே என்று சொந்தத்தில் சிலர் கேட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆயிரக்கணக்கில் செலவு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் அடிக்கடி சுகர் இறங்குகிறவர்களுக்கும் அது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். மாத்திரையில் இருக்கும் அம்மாவுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

நோட்டைப் பற்றி அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். எவ்வளவு வந்தாலும் அப்படியே எழுது, நான் கோபப்பட மாட்டேன். ஸ்ட்ரிப் வீணானால் வீணாகட்டும். அதற்கப்புறம் போனில் "சுகர் எவ்வளவு?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இன்னைக்கு மெஷின் ஒழுங்கா வேலை செஞ்சுதா?" என்று கேட்கிறேன். முதல் மாதம் நோட்டு முழுக்க 210, 236, 198, 251. அதைப் பார்த்துதான் டாக்டர் மாத்திரையை மாற்றினார். அடுத்த எச்பிஏ1சி 7.8.

போன மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. அம்மா விரதம் இருந்தாள், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டுவிட்டாள். கிளிமிபிரைடு விரதத்துக்கு ஏற்றது இல்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். விடியற்காலை நாலேகாலுக்கு வேர்த்துக் கொட்டி, படபடப்பாக விழித்திருக்கிறாள். கரண்ட் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. பீரோவைத் திறந்து மெஷினை எடுத்து, ஸ்ட்ரிப்பைத் தடவிச் செருகியிருக்கிறாள். திரை வெளிச்சத்தில் 58.

70க்குக் கீழே இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அக்கா மெஷின் உறையிலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தார். மூன்று ஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர். கால் மணி நேரம் உட்காருங்கள். திரும்பப் பாருங்கள். அம்மா அப்படியே செய்திருக்கிறாள். பிறகு இரண்டு இட்லி சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, ஆறு மணிக்கு மேல்தான் எனக்குப் போன் செய்தாள். நான் தூங்கட்டும் என்று காத்திருந்தாளாம்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருட்டில் எழுதியதில் வரி கோணியிருந்தது, கட்டத்தை விட்டு வெளியே போயிருந்தது.

4.20 – 58.
4.40 – 84. சர்க்கரைத் தண்ணி குடிச்சேன்.